வாக்கை முறித்த கோமான்

ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் பெருந்தன்மையை நாம் அடிக்கடி பேசுகிறோம். பகைவர் பலருக்கு உயிர்ப்பிச்சை அளித்த அந்தப் பெருமகனார், சிறைப்பட்ட ஒரு கோமானை மட்டும் தம் கையாலேயே வெட்டினார். அவன் யார்? அவன் செய்த குற்றம் என்ன? நாம் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

அவன் பெயர் ரெனால்ட். அரபு வரலாற்றாசிரியர்கள் அர்னாத் என்று எழுதுவர். பிரான்சு நாட்டுப் பிரபுக் குடும்பமொன்றின் இளைய மகன்.  1147-ல் புறப்பட்ட இரண்டாம் சிலுவைப் படையோடு ஷாம் தேசம் வந்து, அங்கேயே தங்கினான். 1153-ல் அந்தியோக்கியாவின் இளவரசியான கான்ஸ்டன்ஸ் என்ற விதவையை மணந்து அந்நகருக்கு அதிபதியானான்.

அவனுடைய கொடுமையை முதலில் அனுபவித்தவர்கள் முஸ்லிம்களல்லர். படையெடுப்புக்குப் பணம் தர மறுத்த அந்தியோக்கியாவின் கிறிஸ்தவத் தலைமைக் குருவை அடித்து, தலைக் காயங்களில் தேன் தடவி, கொளுத்தும் வெயிலில் கோட்டை உச்சியில் கிடத்தினான். பிறகு கிறிஸ்தவர்கள் வாழ்ந்த சைப்ரஸ் தீவைச் சூறையாடினான். இதனால் சினந்த பைஸாந்தியப் பேரரசர் பெரும்படையுடன் வரவே, வெறுங்காலுடன் சென்று மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான்.

அதன் பின்னரும் அவன் திருந்தவில்லை. கால்நடைகளைக் கொள்ளையிடச் சென்றபோது ஹலப் நகரின் ஆளுநரிடம் பிடிபட்டு, சுமார் 15 ஆண்டுகள் சிறையிலிருந்தான். 1176-ல் 1,20,000 தீனார் ஈட்டுப் பணத்தின் பேரில் விடுதலையானான். கான்ஸ்டன்ஸ் அதற்குள் இறந்துவிட்டதால், மற்றொரு செல்வ விதவையை மணந்து கரக், ஷவ்பக் கோட்டைகளுக்குத் தலைவனானான். எகிப்துக்கும் திமிஷ்குக்கும் இடையே செல்லும் பாதையும், ஹாஜிகள் செல்லும் பாதையும் அவன் கண்பார்வையில் இருந்தன.

1180-ல் ஜெரூசல மன்னருக்கும் ஸுல்தானுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ரெனால்ட் அதை மதிக்கவில்லை. மறு ஆண்டே தைமா வரை படையெடுத்தான். பிறகு கப்பல்களைப் பகுதி பகுதியாகச் செய்து, ஒட்டகங்களில் ஏற்றி அகபா வளைகுடாவுக்கு அனுப்பினான். 1182-ன் இறுதியிலும் 1183-ன் தொடக்கத்திலும் அந்தப் படை செங்கடலில் ஐதாப் துறைமுகத்தைத் தாக்கியது. ஹாஜிகளின் கப்பல்களைக் கொள்ளையிட்டது. ஹிஜாஸ் கரையிலும் இறங்கியது. மதீனா முனவ்வராவுக்கே ஆபத்து என்று முஸ்லிம் உலகம் பதறியது. ஸுல்தானின் சகோதரர் அல் ஆதில் அனுப்பிய கடற்படைத் தளபதி ஹுஸாமுத்தீன் லுஃலு அவர்களை முறியடித்தார்.

1185-ல் மீண்டும் சமாதானம் கையெழுத்தாயிற்று. அதை நம்பிச் சென்ற பெரும் வணிகக் கூட்டமொன்றை, 1187-ன் தொடக்கத்தையொட்டி ரெனால்ட் பிடித்தான். ஸுல்தானின் சகோதரியும் அதில் இருந்தார் என்ற கதை பின்னர் பரவியது. அக்கால அரபு வரலாற்றாசிரியர்கள் அவ்வாறு எழுதவில்லை. ஸுல்தான் உடனே போர் தொடுக்கவில்லை. முதலில் தூதரை அனுப்பி, பொருளையும் மக்களையும் திருப்பித் தரக் கேட்டார். ஜெரூசல மன்னர் கீ என்பவரே வற்புறுத்தியும் ரெனால்ட் இணங்கவில்லை. அவனைத் தம் கையால் கொல்வதாக ஸுல்தான் சபதம் செய்தார்.

1187 ஜூலை 4, ஹிஜ்ரி 583 ரபீஉல் ஆகிர் மாதம். ஹித்தீன் போரில் சிலுவைப் படை தாகத்தால் வாடித் தோற்றது. மன்னர் கீயும் ரெனால்டும் ஸுல்தானின் கூடாரத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். ஸுல்தான் மன்னருக்குக் குளிர்ந்த நீர் கொடுத்தார். மன்னர் குடித்துவிட்டு ரெனால்டிடம் நீட்டினார். கைதிக்குத் தம் கையால் நீர் கொடுத்தால் அவனுக்கு அபயம் என்பது அரபு வழக்கம். எனவே அந்த நீரைத் தாம் கொடுக்கவில்லை என்று ஸுல்தான் தெளிவுபடுத்தினார். அவனுடைய துரோகங்களை எடுத்துரைத்து, இஸ்லாத்தை ஏற்க அழைத்தார். அவன் மறுக்கவே சபதத்தை நிறைவேற்றினார். நடுங்கிய மன்னரைத் தேற்றி, அவருக்கு உயிர் அளித்தார். மூன்றே மாதங்களில், ரஜப் 27 வெள்ளிக்கிழமை, பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டது.

இவ்வரலாற்றை மதப் பகையாக நாம் படிக்கலாகாது. ரெனால்டால் துன்புற்றவர்களில் கிறிஸ்தவரும் உண்டு. அவனைத் தடுக்க முயன்ற கிறிஸ்தவ மன்னரும் உண்டு. தன் குருவிடமே நேர்மையாக நடக்காதவன், பகைவனிடம் எப்படி வாக்கைக் காப்பான்?

உடன்படிக்கை யாரோடு செய்தாலும் அதை நிறைவேற்றுவது நம்மீது கடமை. வாக்குறுதியைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு என்று திருமறை எச்சரிக்கிறது. கடன் வாங்கும்போது சொன்ன தவணை, திருமணத்தில் பேசிய மஹர், வேலையாளுக்கு ஒப்புக்கொண்ட கூலி, பிற மதத்து அண்டை வீட்டாரிடம் கொடுத்த சொல் — இவையெல்லாம் உடன்படிக்கைகளே. கோட்டை வைத்திருப்பவன்தான் வாக்கை முறிப்பான் என்பதில்லை. கடை வைத்திருப்பவனும், குடும்பம் வைத்திருப்பவனும் முறிக்கலாம்.

சொன்ன சொல்லைக் காக்கும் தௌஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.