பசித்தவர் மனதையும் ஆற்றிய வள்ளலார்

சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்று ஒரு கிராமம். அங்கே 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி ராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாக ராமலிங்கம் பிறந்தார். பிற்காலத்தில் வள்ளலார் என்று புகழ் பெற்றவர் இவரே.

குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன் தந்தை இறந்து போனார். தாயார் பிள்ளைகளோடு ஊர் மாறிச் சென்னைக்கு வந்தார். மூத்த அண்ணன் சபாபதி குடும்பத்தைத் தாங்கினார்.

ராமலிங்கம் சென்னையிலேயே வளர்ந்தார். பாடல்கள் பாடிப் பேர் பெற்றார். 1858-ல் மீண்டும் சிதம்பரம் பக்கம் வந்து, கருங்குழி கிராமத்தில் தங்கினார்.

பசி செய்யும் கொடுமை

அந்தக் காலத்தில் மழை பொய்த்தால் ஏழைக்குக் கஞ்சியும் கிடையாது. பட்டினி கிடந்தவர்களை வள்ளலார் கண்டார். அவர்கள் வயிறு மட்டுமா வாடியது? மனமும் உடைந்து போயிருந்தது.

பசித்தவனுக்கு அறிவு மயங்குகிறது. நெஞ்சு நடுங்குகிறது. மானமுள்ளவனோ வாய் திறந்து கேட்கக் கூசுகிறான். இதையெல்லாம் அவர் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் எடுத்துச் சொன்னார். பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகியவை உயிர்களை வாட்டும் துன்பங்கள். இவற்றில் பசியையும் கொலையையும் தடுப்பதே முதல் கடமை என்றார்.

அணையாத அடுப்பு

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. வடலூர் மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி அங்கே சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது.

அந்நாளில் பல சத்திரங்களில் ஜாதி பார்த்தே சோறு போட்டார்கள். வடலூரில் அந்தக் கேள்வியே இல்லை. என்ன ஜாதி, என்ன மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. பசித்து வந்தவர் தலை குனியாமல் இலை முன் உட்கார முடிந்தது. வயிறு நிறைந்தது; போன மானமும் திரும்பியது.

1872 ஜனவரி 25-ந் தேதி, அதே ஊரில் சத்திய ஞான சபை வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. 1874 ஜனவரி 30-ந் தேதி வள்ளலார் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

இரண்டே ஆண்டுகளில், 1876-ல், சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். பசியை ஒழிப்பதே முதல் தருமம் என்று அவர் வற்புறுத்தியது ஏன் என்பதை அந்தப் பஞ்சம் காட்டிவிட்டது.

வடலூர் இன்று கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் அங்கே எரிகிறது. பசியோடு வருபவரிடம் இன்றும் ஜாதி கேட்பதில்லை.