காசுக்கு 70 மார்க் போட்டவர் நாணயமானவரா? யார் இந்த வில்லியம் ஷெல்டன்?

பழைய காசுகள் பற்றிய ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு காசு, அதன் மேல் லேபிளில் ‘எம்எஸ் 65’ என்று ஒரு குறியீடு. அதே ஆண்டில் அச்சடித்த அதே காசுக்கு 63 மார்க் என்றால் ஒரு விலை, 65 என்றால் இன்னொரு விலை, 67 என்றால் தலை சுற்றும் விலை.

இந்த மார்க் 100-க்குப் போடப்படுவதில்லை, 70-க்குப் போடப்படுகிறது. ஏன் 70? இதை முதலில் யோசித்தவர் யார்?

அவர் பெயர் வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன். உலகின் பல இடங்களில் காசுகளின் தரத்தைச் சொல்ல இன்றும் ‘ஷெல்டன் அளவுகோல்’ பயன்படுகிறது. ஆனால், அவருடைய கதையில் ஒரு பெரிய கறையும் இருக்கிறது.

மனித உடலுக்கு மார்க் போட்டவர்

ஷெல்டன் 1898-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். தொழில்முறை நாணய வியாபாரி கிடையாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டமும், பிறகு அங்கேயே மருத்துவப் பட்டமும் வாங்கியவர்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் ‘எக்டோமார்ஃப்’, ‘மீசோமார்ஃப்’, ‘எண்டோமார்ஃப்’ என்ற வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள். ஒல்லியான உடல்வாகு, கட்டுமஸ்தான உடல்வாகு, பருமனான உடல்வாகு என்ற இந்தப் பிரிவுகளைக் கொண்டுவந்தவரும் இவர்தான். 1940-ல் வெளியான புத்தகத்தில் ஒவ்வொரு மனித உடலுக்கும் மூன்று எண்கள் கொடுத்தார். ஒவ்வொன்றும் 1 முதல் 7 வரை. உடல்வாகைப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம்.

இதற்காக ஆயிரக்கணக்கானவர்களை நிர்வாணமாக நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் சேர வந்த மாணவ, மாணவிகள். 1950-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவிகளைப் படம் எடுத்தபோது பெற்றோர் கொதித்தெழ, அந்தப் படங்கள் எரிக்கப்பட்டன.

உடலை வைத்துக் குணத்தைச் சொல்லும் அவருடைய கோட்பாட்டை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. 1954-ல் அவர் வெளியிட்ட உடல்வாகு அட்லஸின் தரவுகளில் தில்லுமுல்லு நடந்தது என்று, அந்த வேலையில் கூடவே இருந்த உதவியாளர் பார்பரா ஹனிமேன் ஹீத் பின்னாளில் குற்றம்சாட்டினார்.

இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

செப்புக் காசு மேல் வந்த காதல்

ஷெல்டனின் இன்னொரு உலகம் அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகள். 1793-ல் ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் அச்சடிக்கத் தொடங்கிய பெரிய செப்புக் காசுகள் அவை. அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். அதனால் ஒரு அச்சு போல இன்னொன்று இருக்காது. ஒரே ஆண்டுக் காசிலேயே எழுத்து, தலைமுடி, இலை என்று சின்னச் சின்ன வித்தியாசங்கள் வரும்.

இந்த வித்தியாசங்களைத் தேடிப் பிடித்து வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் எண் கொடுத்து, 1949-ல் ஒரு புத்தகம் போட்டார் ஷெல்டன். 1793 முதல் 1814 வரையிலான காசுகள் அதில் அடக்கம். இன்றும் அந்தக் காசுகளை அவர் கொடுத்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

ஏன் 70?

அந்தப் புத்தகத்தில்தான் 70 மார்க் கணக்கு வந்தது. உண்மையில் அது தரத்தை மட்டும் சொல்லும் அளவுகோல் இல்லை, விலை போடும் ஃபார்முலா.

சிம்பிளாகச் சொன்னால் இப்படி. என்ன காசு என்று கண்டுபிடிக்க மட்டுமே முடிகிற அளவுக்குத் தேய்ந்துபோன காசுக்கு மார்க் 1. அச்சில் இருந்து விழுந்த மாதிரியே குறையில்லாமல் இருக்கும் காசுக்கு மார்க் 70. இடையில் 4, 12, 20, 40, 60 என்று படிகள். ஒரு வகைக் காசின் அடிப்படை விலை 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பதற்கு மார்க் 20 என்றால், விலை 40 டாலர். பெருக்கினால் போதும், அவ்வளவுதான்.

இந்த ஃபார்முலா ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள காசுகளுக்குப் போட்டி கூடக்கூட, விலை எங்கேயோ போய்விட்டது. பெருக்கல் கணக்கு செத்துப்போனாலும் 1 முதல் 70 வரையிலான எண்கள் மட்டும் உயிரோடு நின்றன. 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் அந்த எண்களையே மற்ற அமெரிக்கக் காசுகளுக்கும் எடுத்துக்கொண்டது.

ஷெல்டன் 1977-ல் இறந்தார். அதன் பிறகுதான் அவருடைய அளவுகோல் பெரிய பிசினஸ் ஆனது. அதுவரை காசை விற்கிற வியாபாரியே மார்க்கும் சொல்வார். உங்களிடம் வாங்கும்போது 60, அதே காசை அடுத்தவரிடம் விற்கும்போது 65. இந்தத் தகராறுக்குத் தீர்வாக, வாங்குபவர், விற்பவர் இருவரும் இல்லாத மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் வந்தன. 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டு, காசை பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, சான்றிதழ் எண்ணும் தருவார்கள். அந்த எண்ணை ஆன்லைனில் சரிபார்க்கலாம்.

பெட்டிக்குள் நடந்த இடமாற்றம்

இனிதான் அந்தக் கறை.

நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகம் என்ற பழைமையான அமைப்பு இருக்கிறது. அலுமினியத் தொழிலதிபர் ஜார்ஜ் கிளாப், தான் சேர்த்த அருமையான செப்புக் காசுகளை அதற்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஆய்வாளர் என்ற முறையில் ஷெல்டன் அந்தக் காசுகளை எடுத்துப் பார்க்க முடிந்தது. அவ்வளவு பெரிய நிபுணரை யார் சந்தேகப்படுவார்கள்?

1972-ல் தன் சேகரிப்பை ஒரு பெரிய சேகரிப்பாளருக்கு விற்றார் ஷெல்டன். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், கழகத்தின் பெட்டிகளில் இருந்த காசுகள் கிளாப் கொடுத்த காசுகள் மாதிரி இல்லை என்பது தெரியவந்தது. வகை அதேதான். ஆனால், தரம் குறைந்த காசு. நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தேய்ந்த ஒன்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். காலி இடமே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. இப்படி மாற்றப்பட்டவை 100-க்கும் மேல்.

மாட்டிவிட்டது எது தெரியுமா? பழைய புகைப்படங்கள். செப்புக் காசில் ஒவ்வொரு கீறலும், புள்ளியும் கைரேகை மாதிரி. கிளாப்பின் காசுகளுடைய பழைய படங்களை வைத்துப் பார்த்தபோது, அவை வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. விவகாரம் கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் காசுகள் கழகத்துக்கே சொந்தம் என்று முடிவானது. ஷெல்டன் உயிரோடு இல்லாததால் அவர் மீது குற்றவியல் விசாரணை எதுவும் நடக்கவில்லை.

ஒரு மார்க்குக்கும் அடுத்த மார்க்குக்கும் நடுவே எவ்வளவு பணம் இருக்கிறது என்பது, அந்த அளவுகோலை உருவாக்கியவரைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

இதில் நமக்கு என்ன பாடம்?

தாத்தா பெட்டியில் கிடைத்த காசுக்கு மார்க் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? ஷெல்டன் கதையை மனதில் வைத்து இவற்றைக் கவனியுங்கள்.

* காசைக் கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சுத்தம் செய்த தடம் தெரிந்தால் பெரும்பாலும் எண் மார்க்கே கிடைக்காது. சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்புதான் லேபிளில் வரும்.

* மெதுவான பி.வி.சி. உறைகளில் வைக்காதீர்கள். நாளடைவில் காசு மேல் பச்சைப் பிசுக்கு படியும்.

* முதலில் கணக்குப் போடுங்கள். கட்டணம், அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து காசின் மதிப்பையே தாண்டிவிட்டால் அனுப்புவதில் அர்த்தமில்லை.

* உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். உறுப்பினர் ஆகியோ, அங்கீகரிக்கப்பட்ட டீலர் மூலமாகவோ அனுப்புவதுதான் வழக்கமான வழி. ஆனால், மார்க் குறைவாக வரும் என்று சொல்லிவிட்டு அதே காசைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவரிடம் உஷாராக இருங்கள். ஆலோசனை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

* இந்தியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுகளைத் தாண்டிய காசு தொல்பொருள். அதை நீங்களாகவே வெளிநாட்டுக்கு கூரியர் செய்ய முடியாது. வெளிநாட்டில் மார்க் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இதை முதலில் கேளுங்கள்.

* காசு உங்கள் கையைவிட்டுப் போகும் முன் இரண்டு பக்கமும் தெளிவாக போட்டோ எடுத்துவையுங்கள். விளிம்பையும் சேர்த்து. எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். கிளாப்பின் காசுகளைக் காட்டிக்கொடுத்தது ஷெல்டனின் நிபுணத்துவமோ, அவர் போட்ட மார்க்கோ இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவைத்த சில போட்டோக்கள். இன்று அதற்கு ஒரு மொபைல் போதும்.