மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். ஒழுங்கு, பிறரோடு பழகும் பண்பு, கற்கும் ஆர்வம் ஆகியவை அச்சுறுத்தலாலோ பரிசுகளாலோ வருவன அல்ல என்றும், ஏற்ற சூழல் அமைந்தால் குழந்தைகள் இவற்றைத் தாமே வளர்த்துக் கொள்வர் என்றும் அவர் கருதினார். இக்கருத்தின் அடிப்படையில் அவர் உருவாக்கிய முறை மாண்ட்டிசோரி கல்வி முறை என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

மரியா, இத்தாலியின் கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர்; தாய் ரெனில்டே கல்வியில் நாட்டம் மிக்கவர். 1875ல் குடும்பம் ரோம் நகரில் குடியேறியது. ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மரியா, ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிண ஆய்வு செய்யப் பெண்ணுக்கு இசைவில்லாததால், வகுப்பு முடிந்த பின் தனியே அப்பயிற்சியை மேற்கொள்ள வேண்டியிருந்தது. 1896ல் பட்டம் பெற்று, இத்தாலியின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

மருத்துவப் பணி

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அக்காலத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள், கையில் எடுத்து விளையாட ஒரு பொருளும் இன்றி மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்தனர். இவர்களுக்குத் தேவைப்படுவது மருந்தை விடக் கல்வியே என்ற முடிவுக்கு மரியா வந்தார். இத்தார், செகுவான் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைப் பயின்று, புலன்களைப் பயிற்றும் கருவிகளை உருவாக்கினார்.

உடன் பணியாற்றிய மருத்துவர் ஜூசெப்பே மோன்தெசானோவுடன் ஏற்பட்ட உறவில் 1898ல் மரியோ என்ற மகன் பிறந்தான். இருவரும் மணம் புரிந்து கொள்ளவில்லை. குழந்தை கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தது. தம் தாய் இறந்த பின்னரே, 1913ல், மரியா மகனைத் தம்முடன் அழைத்துக் கொண்டார். பிற்காலத்தில் மரியோ தாயின் பணிகளில் முதன்மைத் துணையாக விளங்கினார்.

குழந்தைகள் இல்லம்

ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த இடமாகும். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட சிறுவர்கள் குடியிருப்புகளின் சுவர்களையும் படிகளையும் சேதப்படுத்தி வந்தனர். இதைத் தடுக்க எண்ணிய கட்டட நிறுவனம் அவர்களுக்கென ஓர் அறையை ஒதுக்கி, பொறுப்பை மரியாவிடம் அளித்தது. ஜனவரி 6, 1907 அன்று திறக்கப்பட்ட இவ்விடம் "காசா தேய் பம்பீனி" (குழந்தைகள் இல்லம்) எனப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் சேர்ந்தனர்.

ஒரு நாள் ஆசிரியை கருவிகள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தமக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினர். இதைக் குறும்பாகக் கருதாத மரியா, அவர்கள் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் என்று உணர்ந்தார். பூட்டிய அலமாரிகளுக்குப் பதில் குழந்தைகளின் கைக்கெட்டும் திறந்த தட்டுகளை அமைத்தார். மற்றொரு முறை, ஓசையின்றி மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று அவர் செய்து காட்டியபோது குழந்தைகள் கைதட்டினர். எப்போதும் இதற்காகத் திட்டு வாங்கிய அவர்களுக்கு, அதை முறையாகக் கற்றுத் தந்தவர் எவரும் இல்லை என்பதை மரியா புரிந்து கொண்டார்.

கல்வி முறை

இம்முறையில் அன்றாட வேலைகளே முதற்பாடம். நீர் ஊற்றுதல், மேசை துடைத்தல், பொத்தான் மாட்டுதல் போன்றவற்றைக் குழந்தைகள் பழகுகின்றனர். எடுத்த பொருளை அதே இடத்தில் திருப்பி வைப்பது விதியாகும். வகுப்பில் ஒவ்வொரு கருவியும் பொதுவாக ஒன்றே இருக்கும். எனவே அது வேண்டுவோர் பிறர் முடிக்கும்வரை காத்திருக்கப் பழகுகின்றனர். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒன்றாக இருப்பதால் மூத்தோர் இளையோருக்கு உதவுகின்றனர். வணக்கம் கூறுதல், வழி கேட்டு நகர்தல், உதவி கோருதல் ஆகியவையும் செய்து காட்டிக் கற்பிக்கப்படுகின்றன.

1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பக்க அளவுள்ள பத்துக் கனசதுரங்களால் ஆன இளஞ்சிவப்புக் கோபுரம் புகழ்பெற்ற கருவியாகும். அடுக்குவதில் தவறு நேர்ந்தால் குழந்தை தானே கண்டு திருத்திக் கொள்ளலாம். உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவி எழுத்து வடிவங்கள் பயிலப்படுகின்றன.

பரவலும் விமர்சனமும்

1909ல் வெளியான அவரது நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914ல் இம்முறையைக் கடுமையாக விமர்சித்தார். கருவிகள் கற்பனைக்கு இடம் தருவதில்லை என்பதும், குழந்தைகள் கூடிச் செயல்பட வாய்ப்புக் குறைவு என்பதும் அவரது குறைபாடுகள். ஏழைக் குழந்தைகளிடம் தொடங்கிய முறை பல நாடுகளில் வசதி படைத்தோர் பள்ளிகளுக்கு உரியதாகிவிட்டது என்ற குறையும் கூறப்படுவதுண்டு.

இத்தாலியில் முசோலினி அரசின் ஆதரவை அவர் முதலில் ஏற்றார். பின்னர் அரசுடன் முரண்பட்டு 1934ல் நாட்டை விட்டு வெளியேறினார்.

இந்தியாவில்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939ல் மரியாவும் மரியோவும் சென்னை அடையாறு வந்தனர். முதல் பயிற்சி வகுப்பில் 300க்கும் மேற்பட்டோர் கலந்து கொண்டனர். 1940ல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மரியோவை முகாமில் அடைத்தது. மரியாவின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவரது 70ஆம் பிறந்த நாளை ஒட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கோடைக்கானலில் தங்கி, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான பாடங்களை விரிவாக்கினர். போரினால் நேர்ந்த இத்தங்கலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர்.

இறுதிக் காலம்

1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் நோபல் அமைதிப் பரிசுக்கு இவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ல் நெதர்லாந்தின் நோர்த்வைக் நகரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் மரியோ, 1982ல் தாம் இறக்கும் வரை, அவரது பணியைத் தொடர்ந்தார். யூரோ நாணயம் வருவதற்கு முன் வெளியான இத்தாலியின் 1000 லிரா தாளில் மரியாவின் உருவம் இடம்பெற்றிருந்தது.