போர்ட் எண்களுக்குக் கணக்கு வைத்த மனிதர்

கிளவுடில் ஒரு விஎம் எடுத்து, டாக்கர்ல ரெண்டு கன்டெய்னர் ஓட விட்டிருப்பீங்க. ஒண்ணு 3000-ல, இன்னொண்ணு 8080-ல. ஆளுக்கொரு சப்டொமைன் கொடுக்கலாம்னு டிஎன்எஸ் பக்கம் போனா, 'ஏ' ரெக்கார்டுல ஐபி முகவரிக்கு மட்டும்தான் இடம். போர்ட் எண்ணை எங்கே எழுதுறது? எழுதவே முடியாது. ஏன்னு புரியணும்னா ஜான் போஸ்டலைத் தெரிஞ்சுக்கணும்.

1943-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். நீண்ட தாடி, காலில் செருப்பு. 1969-ல் ஆர்பாநெட்டின் முதல் கணினி இணைந்த யுசிஎல்ஏ ஆய்வகத்தில் அவர் மாணவர். ஆளாளுக்கு இஷ்டப்படி எண் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று 1972-ல் ஒரு குறிப்பு எழுதினார். எண்களுக்கு ஒருத்தர் கணக்கு வைக்கணும், அது நானாவே இருக்கட்டுமேன்னு அதிலேயே கேட்டுட்டார்! சாகும்வரை அந்தப் பட்டியல் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மெயிலுக்கு 25, வெப்புக்கு 80 எல்லாம் அதில் பதிவானவை.

பெயர்கள் தனிக் கதை. அப்போது எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஃபைலில் இருந்தது. நெட்வொர்க் வளர வளர அது தாங்கவில்லை. மாற்று வழி தேடும் வேலையை உடன் வேலை பார்த்த பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார் போஸ்டல். 1983-ல் டிஎன்எஸ் பிறந்தது. பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும். 80 ஊரறிந்த எண்ணாச்சே, அதை எதுக்குத் தனியா சொல்லணும்?

அதனாலதான் பிரவுசர் நேரா 80-க்கோ 443-க்கோ வருது. அங்கே என்ஜின்எக்ஸை உட்கார வைங்க. ஹோஸ்ட் ஹெடரில் எந்த சப்டொமைன்னு பார்த்து, உள்ளே 3000-க்கோ 8080-க்கோ அனுப்பிடும், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி.

1998 ஜனவரியில் போஸ்டல் செய்த காரியம் இன்னும் ஆச்சரியம். உலகின் 12 ரூட் சர்வர் அமைப்புகளில் 8 பேருக்கு ஒரு மெயில் போட்டார். இனி மூலப் பட்டியலை என் கணினியிலிருந்து எடுத்துக்கங்கன்னு. எட்டு பேரும் கேட்டாங்க! அமெரிக்க அரசு கொதித்தது. சோதனைதான் செய்தேன் என்று சொல்லி, பழையபடி மாற்றிவிட்டார். எனக்கென்னவோ அது வெறும் சோதனையாகத் தெரியலை. இணையம் யார் கையில் இருக்கணும்னு அமெரிக்காவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது.

அந்தப் பொறுப்பை ஏற்க ஐகான் அமைப்பு செப்டம்பர் கடைசியில் பதிவானது. அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் போஸ்டல் இறந்தார். வயது 55.

உங்க லினக்ஸில் 'ஈடிசி' ஃபோல்டருக்குள்ள 'சர்வீசஸ்'னு ஒரு ஃபைல் இருக்கும். திறந்து பாருங்க. 25-ம் 80-ம் அதே இடத்துல இருக்கு.