ஏழை வழக்காளியின் நண்பர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதன்முதல் நாவல் எழுதியவர் யார் என்று கேட்டால், மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அவர் கத்தோலிக்கர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் இருபத்துநான்கு ஆண்டுகள் கோர்ட்டிலே உழைத்தவர் என்பதையும், ஏழைக் குடியானவனுக்குச் சட்டம் விளங்க வேண்டுமென்று பாடுபட்டவர் என்பதையும் அறிந்தவர் சிலரே. நிலத் தகராறு, சம்பளப் பாக்கி, சாலை விபத்து என்று வக்கீல் வீட்டுப் படியேறும் குடும்பங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அநேகம் உண்டு. ஆகவே இப்பெரியாரின் சரித்திரத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

வேதநாயகர் 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சியில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றுத் தேர்ந்தார். 1848-ல் திருச்சிக் கோர்ட்டில் ஆவணங்களைக் காக்கும் உத்தியோகம் கிடைத்தது. இரண்டு ஆண்டில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

இந்த மொழிபெயர்ப்பு வேலைதான் அவருக்கு நாட்டு மக்களின் துன்பத்தைக் காட்டிற்று. வழக்காடுகிறவன் தமிழன், சாட்சி சொல்லுகிறவனும் தமிழன், அவர்கள் தலைவிதியை நிர்ணயிக்கும் தீர்ப்போ ஆங்கிலத்தில் இருக்கும். காணியை இழந்தவனுக்கு ஏன் இழந்தோம் என்பது தெரியாது. வக்கீல் சொன்னதே வேதவாக்கு. வக்கீல் தவறாகச் சொல்லியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

1857-ல் வேதநாயகர் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடிக்குப் போனார். டேனிஷ்காரர் வசமிருந்த அவ்வூர், ஆங்கிலேயர் கைக்கு மாறிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறகு சீர்காழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தார். அதனால்தான் மாயூரம் என்ற ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கைக்கூலி வாங்குவது சகஜமாயிருந்த அக்காலத்தில் அவர் கை சுத்தமான கை. 1859-ல் வெளியிட்ட நீதிநூலில், லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்துப் பாடியிருக்கிறார். நீதிபதியின் ஆசனத்தில் இருந்துகொண்டே இப்படிப் பாட வேண்டுமானால், தாம் முதலில் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

சட்டத் துறையில் அவர் செய்த பெருந்தொண்டு 1862-ல் நிறைவேறியது. சென்னை சதர் கோர்ட்டு வழங்கிய தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் பெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரால் அச்சிட்டார். சதர் கோர்ட்டு போய் ஹைகோர்ட்டு ஏற்பட்டதும் அந்த ஆண்டுதான். ஆங்கிலம் அறியாதவனும் மேல் கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்பதைத் தானே படித்துப் பார்க்க அந்நூல் வழி திறந்தது. வக்கீலின் அறியாமைக்குக் கட்சிக்காரன் அபராதம் கட்டக் கூடாது என்பதே இத்தொண்டின் உட்பொருள்.

மாயூரத்தில் இருந்தபோது தம் மேலதிகாரியான ஜில்லா நீதிபதியோடு மனஸ்தாபம் ஏற்பட்டு, 1872-ல் உத்தியோகத்தை விட்டு விலகினார். நாற்பத்தைந்து வயதிலேயே பதவி போயிற்று. வேறொருவராயிருந்தால் மனம் கசந்து முடங்கியிருப்பார். இவரோ எழுதுகோலை எடுத்தார். 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. அக்கதையிலும் கோர்ட்டை அவர் மறக்கவில்லை. நீதிபதியும் வக்கீலும் வழக்காளியும் எல்லாரும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதை நகைச்சுவையோடு இடித்துரைத்தார். இன்று கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் வழங்குகிறது. ஹைகோர்ட்டில் இன்னும் ஆங்கிலமே ஆட்சி செய்கிறது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசித்து வந்தவர்களுக்கு வேதநாயகர் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கண்டு மனமுருகி அவரைப் புகழ்ந்து பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்கு உற்ற நண்பர். தம் விசுவாசத்தில் உறுதியாக நின்று தேவமாதாவின்மேல் அந்தாதி பாடியவர், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் பாடி எல்லாருக்கும் வேண்டியவரானார். 1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்.

பிரியமுள்ளவர்களே, அவர் கண்ட குறை முழுவதும் தீர்ந்துவிட்டதா? வக்கீல் காலக்கெடு தப்பி மனுப் போட்டால், நஷ்டம் இன்றும் கட்சிக்காரனுக்கே. கவனக்குறைவால் நஷ்டம் விளைத்த வக்கீல்மேல் வழக்குத் தொடரலாம் என்று 1926-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி வக்கீல்மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் சிவில் கோர்ட்டும் பார் கவுன்சிலும் திறந்தே இருக்கின்றன. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் தொழிற்பொறுப்பு இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்கள். தவறு நேர்ந்தால் கட்சிக்காரனுக்குரிய நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கிறது. நம் நாட்டில் அது கட்டாயமில்லை; விரும்புகிறவர் எடுக்கலாம். குறைந்த செலவில் இது எல்லா இளம் வக்கீல்களுக்கும் கிடைக்குமானால், அவர்கள் அச்சமின்றி ஏழைகளின் வழக்கை ஏற்பார்கள். கட்சிக்காரனும் நடுத்தெருவில் நிற்கமாட்டான். நம் குடும்பங்களில் வக்கீல் தொழில் செய்கிற பிள்ளைகள் இதை யோசிக்கட்டும்.

பணமில்லை என்று நியாயத்தை விட்டுவிட வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். ஆலைத் தொழிலாளருக்கும் இந்த உரிமை உண்டு. சிப்காட்டில் வேலை செய்வோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுள் வருமானம் குறைந்தவர்களும் பெறலாம். கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாய் முடிந்தால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் விபத்து நேர்ந்தாலும், ஓசூரில் குடியிருப்பவர் நஷ்டஈட்டு மனுவை இங்கேயே போடலாம். பெங்களூருக்கு அலைய வேண்டுவதில்லை.

வக்கீலிடம் போகிறவர்கள் ஒன்றை மறவாதீர்கள். வக்காலத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா எந்நாள் என்று எழுதி வாங்குங்கள். விளங்காததைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். தன் வழக்கைத் தானே விளங்கிக்கொள்ளும் குடியானவனைக் காணத்தான் வேதநாயகம் பிள்ளை கண்விழித்து அத்தனை தீர்ப்புகளையும் தமிழாக்கினார். அந்த உழைப்பு நம்மிடத்தில் வீண்போகாதிருக்கட்டும்.