இராம்ஜி வீட்டு இரவுகள்

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மோவ் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார், படைப்பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தவர், கபீர் நெறியினர்.

அவர் இல்லத்தில் ஒரு நியதி உண்டு. உறங்கப் போகுமுன் பீமராவும் தமையனாரும் பாரதத்திலோ இராமாயணத்திலோ ஒரு பகுதியை உரக்கப் படித்தல் வேண்டும். உடன்பிறந்த பெண்களும், கதை கேட்கக் கூடும் பிறரும் சூழ அமர்ந்து கேட்பர். ஆண்டுக்கணக்கில் இது நிகழ்ந்தது. பள்ளியில் கோணித்துண்டின்மேல் தனியே அமர்த்தப்பட்ட சிறுவன், இல்லத்தில் அவை நடுவே படிப்பவனாக விளங்கினான். எழுத்தறியோம் என்று நம் ஏரியூர்ப் பெற்றோர் என்னிடம் தயங்குவதுண்டு. இளைஞர்களே, கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. படிக்க நீங்கள் இருக்கிறீர்கள்!

பின்னர்த் தேர்வொன்றில் தேறியபோது, கேளுஸ்கர் என்னும் பெரியவர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அதைப் படித்த மகன் தந்தையையே வினவத் தொடங்கினார். பௌத்த நூல்களை விடுத்து, நம்மவரை இழித்துரைக்கும் இதிகாசங்களைப் படிக்கப் பணிப்பது ஏன் என்பது அவர் கேள்வி. தந்தையார் முதலில் அதட்டினார். பிறகொருநாள், பிறப்பினால் தாழ்வு மனப்பான்மை நேராதிருக்கவே படிக்கச் செய்ததாக விளக்கி, எளிய நிலையினின்று உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் சுட்டினார். மகனுக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை. ஆயினும் அக்கேள்வியைக் கேட்கும் துணிவு அவ்விரவுகளிலேதான் விளைந்தது என்பது என் துணிபு.

பம்பாய்ப் பரேலில் ஒற்றையறைக் குடியிருப்பு. தந்தையார் பின்னிரவு 2 மணிவரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டே கண்ணயர்வார். புத்தகம் வாங்க, மணமான மகளிரிடம் கடனும் பெற்றார். 1907-இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறினார். 1913-இல் தந்தையார் மறைந்தார்.

1956-இல், புத்தரைப் பற்றிய தம் பெருநூலுக்கு எழுதிய முன்னுரையில், அண்ணல் அவ்விரவுகளை நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார்.