ரோட்டோரக் குளியல், வேனுக்குள் தூக்கம்... செவர்லே வேனை வீடாக்கிய சூப்பர் ஸ்டார்!

வேன் லைஃப் ரீல்ஸ் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கும். பழைய பஸ் ஒண்ணை வாங்கணும். சீட்டையெல்லாம் கழற்றிட்டு ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் அடுப்பு, கூரைமேல சோலார் பேனல், அடியில தண்ணி டேங்க், பின்னாடி சின்னதா ஒரு பாத்ரூம். அவ்வளவுதான் வீடு ரெடி. வாடகை இல்லை, பக்கத்து வீட்டுத் தொல்லை இல்லை. இன்னைக்கு பாகூர் ஏரிக்கரை, அடுத்த வாரம் கோவா, அப்புறம் இமாச்சல்.

இந்த ஆசையோட இருக்குற நீங்க, ஒருத்தரைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். இன்ஸ்டாகிராமும் இல்லாத, லித்தியம் பேட்டரியும் இல்லாத 1982-ல, 59 வயசுல, ஒரு பழைய வேனையே வீடாக்கிக்கிட்டு மாசக்கணக்குல ரோட்டுல வாழ்ந்தவர் அவர். பேர் என்.டி.ராமாராவ். 'கர்ணன்' படத்துல கிருஷ்ணரா வருவாரே, அவரேதான்!

பால் ஊற்றியவர், சாமி ஆனார்

என்.டி.ஆர் பிறந்தது 1923 மே 28-ல், கிருஷ்ணா மாவட்டத்து நிம்மகூரு கிராமத்தில். விவசாயக் குடும்பம். படிக்கும் வயதில் விஜயவாடா ஹோட்டல்களுக்குப் பால் கொண்டுபோய் ஊற்றியவர். 1947-ல் சப் ரிஜிஸ்ட்ரார் வேலை கிடைத்தது. மூன்றே வாரத்தில் அதை உதறிவிட்டு சினிமாவுக்கு வந்துவிட்டார். 1949-ல் 'மன தேசம்' படத்தில் போலீஸ் வேஷம். 1951-ல் 'பாதாள பைரவி', 1957-ல் 'மாயாபஜார்'. அதற்குப் பிறகு கிருஷ்ணர் என்றாலே தெலுங்கு மக்களுக்கு அவர் முகம்தான்.

அப்போது அவர் வீடு சென்னை தி.நகரில். திருப்பதிக்கு பஸ்ஸில் வரும் ஆந்திர பக்தர்கள், பெருமாளைச் சேவித்த கையோடு சென்னைக்கும் வந்து இவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அதாவது, முப்பது வருடமாக மக்கள்தான் அவரைத் தேடி வந்தார்கள். இதை மனசுல வெச்சுக்கோங்க.

கூரையில் கதவு

1982 மார்ச் 29-ல் ஹைதராபாத்தில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். ஆந்திராவில் ஐந்து வருடத்துக்குள் நான்கு முதல்வர்கள் மாறியிருந்த காலம் அது. டெல்லி கைகாட்டுபவர்தான் முதல்வர் என்பதில் மக்களுக்குக் கோபம் இருந்தது. தெலுங்கரின் தன்மானம்தான் அவர் பேச்சின் மையம்.

புதுக் கட்சிக்கு ஊர் ஊராகக் கிளை கிடையாது. டி.வி-யும் கிராமத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் தானே போவது என்று முடிவெடுத்தார். 1940-களின் பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டினார்கள். உள்ளே படுத்து ஓய்வெடுக்க இடம், மைக் செட், விளக்குகள், மேலே ஏறி நின்று பேசக் கூரையிலேயே வழி. பெயர் 'சைதன்ய ரதம்'. சைதன்யம் என்றால் விழிப்பு. டிரைவர் சீட்டில் அவர் மகன் ஹரிகிருஷ்ணா.

இன்றைக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் ஏ.சி கேரவனைக் கற்பனை பண்ணிடாதீங்க. காலையில் ரோட்டோரமாகக் குளியல், அங்கேயே ஷேவிங். மரத்தடியில் சாப்பாடு. உடம்பில் காக்கி உடை. ராத்திரி கூட்டம் முடிந்ததும் வண்டிக்குள்ளேயே தூக்கம். பட்டுப் பீதாம்பரத்தில் பார்த்த கிருஷ்ணர் ரோட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை ஜனங்கள் நேரில் பார்த்தார்கள். பேப்பர்களில் போட்டோவாகவும் வந்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றால் 40,000-லிருந்து 75,000 வரை ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

அந்த வேனில் இல்லாத வசதிகள்தான் அவரைக் கீழே இறக்கின. வண்டிக்குள்ளேயே எல்லாம் முடிந்திருந்தால், அவர் மேடையில் மட்டும்தான் தெரிந்திருப்பார். குளிக்க இறங்கினார், சாப்பிட இறங்கினார். இறங்கிய இடத்தில் எல்லாம் ஆள் இருந்தது.

வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருக்காமீஸ்வரர் கோயில் தேர் எதற்காக வீதிக்கு வருகிறது? கோயிலுக்குள் வர முடியாதவர்களையும் சாமி வந்து பார்க்கணும் என்பதற்காகத்தானே! கவர்னரே வந்து வடம் பிடிக்கும் தேர் அது. என்.டி.ஆர் தன் வண்டிக்கு 'ரதம்' என்று பேர் வைத்ததும் அந்தக் கணக்கில்தான்.

அதே வண்டி, அதே கூரை

1983 ஜனவரியில் தேர்தல். கட்சி தொடங்கி 9 மாதம்தான் ஆகியிருந்தது. 294 தொகுதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஜெயித்தார். 1956-ல் ஆந்திரப் பிரதேசம் உருவானதிலிருந்து காங்கிரஸ் அல்லாத முதல் முதல்வர் அவர்தான். கிலோ 2 ரூபாய் அரிசி, பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு எல்லாம் அவர் ஆட்சியில் வந்தவை.

1984 ஆகஸ்டில் இதய ஆபரேஷன் முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய கையோடு, கவர்னர் அவர் ஆட்சியைக் கலைத்தார். பைபாஸ் செய்த உடம்போடு மறுபடியும் மக்களிடம் போனார். ஒரே மாதத்தில் நாற்காலி திரும்பி வந்தது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1989-ல் தோற்றார். 1994-ல் மறுபடி ஜெயித்தார். 1995 ஆகஸ்டில் சொந்தக் கட்சி எம்.எல்.ஏ-க்கள் மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் போய், ஹைதராபாத்தில் ஒரு ஹோட்டலில் தங்கிவிட்டார்கள். 72 வயதில் தன் பிரசார வண்டியிலேயே அந்த ஹோட்டல் வாசலுக்குப் போய், அவர்களைத் திரும்பி வரச் சொல்லி மைக்கில் அழைத்தார் என்.டி.ஆர். பூமாலை விழுந்த வண்டியின் மேல் அன்று செருப்பு விழுந்தது. சில மாதங்களில், 1996 ஜனவரி 18-ல், மாரடைப்பில் இறந்துபோனார்.

1982-ல் அவர் வண்டியை நிறுத்திய இடத்தில் எல்லாம் பேச ஆள் காத்திருந்தது. 1995-ல் நிறுத்திய இடத்தில் கேட் திறக்கவில்லை. வண்டி ஒன்றுதான். நடுவில் இருந்த 13 வருடத்தில் யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் விலகினார்கள் என்பதைச் சுற்றித்தான் இன்றைக்கும் ஆந்திராவில் சண்டை நடக்கிறது.

சரி, உங்க பஸ்ஸுக்கு வருவோம். ஆர்.சி-யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை உங்க இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அதனால வெல்டிங் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போங்க. தண்ணி டேங்க் எத்தனை லிட்டர், பேட்டரி எத்தனை யூனிட் தாங்கும், கழிவுத் தண்ணி எங்கே போகும்னு எல்லாத்தையும் பேப்பர்ல போட்டுப் பாருங்க.

அந்தப் பேப்பர்லயே இன்னொரு விஷயத்தையும் எழுதிடுங்க. இந்த வண்டியை எடுத்துக்கிட்டு யாரைப் பார்க்கப் போறீங்க? யானத்துல இருக்கிற ஃப்ரெண்டா, பார்த்துப் பல வருஷமான அத்தையா, வேலைக்காக ஊரைவிட்டுப் போன அண்ணனா? முதல் ட்ரிப்புக்கு அந்தப் பேர்ல ஒண்ணை முடிவு பண்ணுங்க. கூடவே, பஸ்ஸுக்கு வெளியே போட ரெண்டு ஸ்டூலும் வாங்கி வெச்சுக்கோங்க. வர்றவங்க உட்காரணும்ல!